நான் சொன்ன ஏலாது

என் வலது கால் எலும்பில் ஒரு துண்டு என் முதுகுக்குள் இருக்கிறது. இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை, மீதிப் பேர் சிரிக்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே இருக்கும் தழும்பையும் நாரியில், இடுப்புக்குச் சற்று மேலே, ஒரு சாண் நீளத்துக்கு ஓடும் தழும்பையும் காட்டின பிறகுதான் அடங்குவார்கள். எங்கள் ஊரான சல்லியிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த மச்சான் ஒருவர், அப்படியென்றால் இனி முதுகாலேயா நடக்கப் போகிறாய் என்று கேட்டார். அவர் கேட்ட நாளில் இரண்டு பேர் பிடித்தால்தான் எனக்கு நடை. இருந்தாலும் சிரித்தேன். சிரித்தால் நோகும் என்று டாக்குத்தர் சொல்லியிருந்தார், அதற்காகவே கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தேன்.

நான் கரைவலை இழுத்தவன். யுத்தம் தொடங்கி, திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தொண்டர் படையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் சல்லியிலிருந்து நடந்து போய்ச் சேர்ந்தேன். உயரம் பார்த்தார்கள், பல்லைப் பார்த்தார்கள், என்ன வேலை தெரியும் என்று கேட்டார்கள். வலை தெரியும் என்றேன். அங்கே இருந்த வெள்ளைக்காரர் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஏன் சிரித்தார்கள் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் விளங்கியது. என்னை அனுப்பின இடத்திலும் வலைதான் இருந்தது. அது இரும்பு வலை.

துறைமுகத்தின் வாய்க்குக் குறுக்கே, ஒரு கரையிலிருந்து மறு கரை வரைக்கும், இரும்பு வளையங்களைக் கோத்துப் பின்னின அந்த வலையைத் தொங்கவிட்டிருந்தார்கள். மேலே பெரிய மிதவைகள் அதைத் தாங்கின. சப்பானியனின் நீர்மூழ்கி களவாக உள்ளே வந்துவிடக் கூடாது என்பதற்கு அந்த ஏற்பாடு. ஆனால் எங்கள் கப்பல்கள் வந்துபோக வேண்டுமே. அதற்காக வலையின் நடுவில் ஒரு கதவு. கதவுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் ஒரு பழைய இரும்புப் படகு. படகில் ஒரு வின்ச். கப்பல் வருகிறதென்று கொடி ஏறினால், வின்ச்சைச் சுழற்றிக் கம்பியை இழுத்துக் கதவைத் திறக்க வேண்டும். கப்பல் புகுந்ததும் மூட வேண்டும். வின்ச்சின் பிடியில் நின்றவன் நான். சல்லிக் கரையில் என்னை இரும்பு வலைக்காரன் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இன்றைக்கு எத்தனை கப்பல் பட்டது, கறிக்கு ஒன்றைக் கொண்டுவரக் கூடாதா என்று கேட்பார்கள்.

பகிடி பண்ணினவர்கள் எல்லாரும் சப்பானியனின் விமானங்கள் வந்து குண்டு போட்ட காலையில் ஓடினார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. குண்டு விழுந்தால் ஓடத்தான் வேண்டும். என் மனைவியும் கிளிவெட்டியில் இருந்த தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். சீனன்குடாவில் குண்டுபட்டு எரிந்த எண்ணெய்த் தொட்டிகளின் புகை நாட்கணக்காக நின்றது, பகலிலும் வெயில் மஞ்சளாகத்தான் விழுந்தது. நான் அந்த நாள் முழுதும் வின்ச்சில் நின்றேன். பயமில்லை என்று சொன்னால் பொய். பயத்தில் கை பிடியை விட மறுத்தது, மற்றவர்கள் அதைத் தைரியம் என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு அந்த இரண்டு முழ இடம் எனக்குச் சொந்தம் என்று ஒரு எண்ணம் உள்ளே விழுந்துவிட்டது.

குண்டுக்குத் தப்பின என்னை விழுத்தினது ஒரு கம்பி. இரண்டு மாதம் கழித்து, காற்றுமில்லாமல் அலையுமில்லாமல் கிடந்த ஒரு காலையில், கதவைத் திறந்துகொண்டிருக்கும்போது இழுவைக் கம்பி அறுந்தது. அறுந்த நுனி சுழன்று வந்து என்னைத் தூக்கி, கயிறு கட்டுகிற இரும்புக் குற்றியின் மேல் முதுகு படும்படி எறிந்தது. கால் இரண்டும் யாரோ ஒருவருடையவை போலக் கிடந்தன. அப்போது எனக்கு வந்தது கோபம்தான். கதவு பாதி திறந்தபடி நிற்கிறது, அதை மூடுங்கடா என்று கத்தினேனாம்.

படையின் ஆஸ்பத்திரியில் ஒரு நரைத்தலை டாக்குத்தர் என்னைப் பொறுப்பெடுத்தார். மூன்று முள்ளெலும்புகள் நிலைகுலைந்திருக்கின்றன, காலிலிருந்து எலும்பு வெட்டி எடுத்து அந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துவிடப் போகிறேன் என்று சொன்னார். இங்கிலீசில் சொன்னார். எனக்கு இங்கிலீசில் தெரிந்தது இழு, நிறுத்து, இளக்கு என்ற கட்டளைகள் மட்டும். அதனால் அவர் சொல்வதைத் தமிழில் சொல்ல, கடதாசி எழுதுகிற கிளாக்கர் ஒருவர் வருவார். இந்தியப் படையோடு வந்த தென்னிந்தியத் தமிழர், நல்ல மனிதர், என் வாயில் தண்ணீர் ஊற்றிக்கூட இருக்கிறார். அவரைப் பற்றி இனிச் சொல்லப்போவதை இந்த நன்றியோடு சேர்த்து வாசிக்க வேண்டும்.

வெட்டின பிறகு கழுத்துக்குக் கீழேயிருந்து இடுப்பு வரைக்கும் சுண்ணாம்புக் கட்டுப் போட்டு ஆறு மாதம் படுக்கவைத்தார்கள். திருகோணமலையின் வெயிலில் ஆறு மாதம் அந்தக் கூட்டுக்குள் கிடந்தவனுக்கு மட்டும்தான் சொறிதல் என்பது எவ்வளவு பெரிய சுகம் என்று தெரியும். உள்ளே எறும்பு போகும், வெளியே வராது. அந்த ஆறு மாதமும் நான் நினைத்தது என் மனைவியை என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் நான் நினைத்தது என் இடத்தில் இப்போது எவன் நிற்கிறான், பிடியை எப்படி வைத்திருக்கிறான், கம்பிக்குக் கிரீஸ் பூசுகிறானா இல்லையா என்றுதான்.

அவள் மாதத்தில் இரண்டு தரம் மூதூரில் லோஞ்ச் படகு ஏறி வந்து பார்ப்பாள். வந்தால் அதிகம் கதைக்க மாட்டாள். ஒரே ஒரு முறை, கட்டு வெட்டுவதற்குக் கிட்டின நாளில், அக்கா புருசன் வயல் பார்க்க ஆள் தேடுகிறார், இனிக் கிளிவெட்டியிலேயே இருந்துவிடலாமே என்றாள். வலைப் படகில் இப்போது எவன் நிற்கிறான் என்று விசாரித்தாயா என்று நான் கேட்டேன். அவளும் பிறகு கேட்கவில்லை. வெருகல் கோயிலில் எனக்காக நேர்த்தி வைத்திருக்கிறாள் என்று தெரியும், என்ன நேர்த்தி என்று நான் கேட்கவில்லை.

கட்டு வெட்டினார்கள். முதுகு பலகை போலாகிவிட்டது. நிமிர்ந்து நிற்பதில் முழுப் படையிலும் என்னை வெல்ல ஆளில்லை, குனிவதுதான் போய்விட்டது. ஒரு மாதம் நடை பழக்கினார்கள். பிறகு ஒரு மேசைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நரைத்தலை டாக்குத்தர், இன்னொரு இளம் டாக்குத்தர், வலைப் படகுகளுக்குப் பொறுப்பான அதிகாரி. பக்கத்தில் கிளாக்கர். என்னைத் திரும்ப எடுப்பதா விடுவதா என்பதை அன்றைக்கு அந்த மேசைதான் தீர்மானிக்கும்.

குனிந்து கால்விரலைத் தொடச் சொன்னார்கள். கை முழங்காலோடு நின்றுவிட்டது. நரைத்தலையர் நீளமாக ஏதோ கேட்டார். கிளாக்கர் அதைச் சுருக்கி, வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்கிறார்கள், போய்விடுகிறீர்களா என்று என்னிடம் கேட்டார்.

"ஏலாது" என்றேன்.

கிளாக்கர் அதை இங்கிலீசில் சொன்னார். டாக்குத்தரின் முகம் வாடிவிட்டது. இன்னும் மெதுவாக இன்னொரு தரம் கேட்டார். நிச்சயமாகத்தானா என்று கேட்கிறார்கள் என்றார் கிளாக்கர். என் பிடிவாதத்தைச் சோதிக்கிறார்கள் என்று நினைத்தேன். குரலை உயர்த்தி, "எனக்கு ஏலவே ஏலாது, எத்தினை தரம் கேட்டாலும் ஏலாது" என்றேன். மூன்று பேரும் தலையை ஆட்டினார்கள். அதிகாரி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வென்றுவிட்டேன் என்று வெளியே வந்தேன். அன்றைக்கு ஆஸ்பத்திரி முற்றத்தில் நான் நடந்த நடையை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுமொழி வரும்வரை லீவு தந்து கிளிவெட்டிக்கு அனுப்பினார்கள். அங்கே எனக்கு முதல் வந்த சங்கடம் காலைக் கடன். ஆஸ்பத்திரியில் கதிரை போல ஒன்றில் உட்கார்ந்து பழகியாயிற்று. கிளிவெட்டியில் பற்றைப் புதருக்குப் பின்னால் போனவன் குந்தாமல் என்ன செய்வது. முதல் நாள் ஒரு புளியமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினேன். எழும்பத்தான் முடியவில்லை, கண்ணால் தண்ணீர் வந்தது. ஆனால் தினமும் போக வேண்டிய இடம் அது. இரண்டு கிழமையில் மரத்தை ஒரு கையால் பிடித்தேன், அடுத்த கிழமை ஒரு விரலால், பிறகு மரமே வேண்டியிருக்கவில்லை. குதிக்கால் நிலத்தில், முதுகு நேரே, இடுப்பும் முழங்காலும் மட்டும் மடங்கும். சின்ன வயதிலிருந்து வள்ளத்திலும் கரையிலும் குந்தியிருந்தே வேலை செய்தவனுக்கு முதுகு வளையத் தேவையில்லை என்பதைப் படித்த டாக்குத்தர் யாரும் எனக்குச் சொல்லவில்லை, வயிறு சொல்லித் தந்தது.

அந்த வெற்றியோடு நான் இருக்கும்போது கடதாசி வந்தது. பள்ளிக்கூட வாத்தியாரிடம் கொண்டுபோனேன். அவர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். சேவைக்குத் தகுதியில்லை, இக்கடிதத்தோடு விடுவிக்கப்படுகிறார் என்று எழுதியிருக்கிறதாம். அதற்குக் கீழே இன்னொரு வரி. வேலையைச் செய்யத் தன்னால் முடியாது என்று அவரே திரும்பத் திரும்பக் கூறினார்.

முதல் வரி என்னைச் சுடவில்லை. தகுதியில்லை என்று அவர்கள் நினைத்தால் எழுதட்டும், அது அவர்கள் வேலை. இரண்டாவது வரிதான் பொறுக்கவில்லை. முடியாது என்று நானா சொன்னேன்? ஆறு மாதம் சுண்ணாம்புக் கூட்டுக்குள் கிடந்து நான் வளர்த்தது இந்த ஒரு வரியையா? வாத்தியார் வீட்டிலிருந்து வரும் வழியெல்லாம் கத்திக்கொண்டு வந்தேன். வயலில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

என் மனைவி முற்றத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். கை நிற்கவில்லை. பிறகு, அவர்கள் கேட்டபோது நான் என்ன சொன்னேன் என்று கேட்டாள். ஏலாது என்று சொன்னதாகச் சொன்னேன். எதற்கு அப்படிச் சொன்னேன் என்று கேட்டாள். வீட்டுக்குப் போகிறாயா என்று கேட்டதற்கு என்றேன். அவள் சுளகைக் கீழே வைத்தாள்.

"நீங்கள் ஏலாது எண்டா மாட்டன் எண்டு அர்த்தம். கலியாணம் முடிச்ச நாள் துவக்கம் நான் கேக்கிற ஏலாது அது. அந்த இந்தியாக்கார மனிசனுக்கு அது என்னெண்டு விளங்கும்? நாரி ஏலாது எண்டுதான் எடுத்திருப்பார்."

எனக்குத் தலையில் ஏறக் கொஞ்ச நேரம் சென்றது. எங்கள் பக்கத்தில் ஏலாது என்ற சொல்லை எல்லாவற்றுக்கும் போடுவோம். சுகமில்லையென்றாலும் ஏலாது, பாரம் தூக்க முடியாவிட்டாலும் ஏலாது, மாமனார் கூப்பிட்டுப் போக விருப்பமில்லையென்றாலும் ஏலாது. எது எந்த ஏலாது என்பதைக் குரலையும் முகத்தையும் பார்த்துத் தெரிந்துகொள்வோம். கடல் தாண்டி வந்தவருக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும். அவருடைய ஊரில் அது உடம்புக்கு இயலாதவன் சொல்லும் சொல். நான் மார்பை நிமிர்த்தி, திரும்பத் திரும்ப, சத்தம் போட்டு, என்னை நானே வெளியே தள்ளியிருக்கிறேன்.

இதில் ஒன்றை நான் அன்றைக்கு யோசிக்கவில்லை. அந்தக் கடதாசி அவளுக்கு வந்த வரம். கோயிலில் அவள் கேட்டது இதுவாகத்தான் இருக்கும், அது கையில் கிடைத்திருக்கிறது. பேசாமல் நெல்லைப் புடைத்துக்கொண்டிருந்தால் போதும், நான் நாலு நாள் கத்திவிட்டு அடங்கியிருப்பேன், வயலுக்குப் போயிருப்பேன். அவள் வாயைத் திறந்தது எனக்காக. அதற்கு அவளை நான் அப்போதே கட்டிப்பிடித்திருக்க வேண்டும். முதுகு வளையவில்லை என்று இன்று வரைக்கும் சாட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் காலை வாத்தியாரிடம் போய், மாட்டேன் என்பதற்கு இங்கிலீசில் என்ன என்று கேட்டேன். அவர் இரண்டு வசனம் சொல்லித் தந்தார். ஐ கனொட் என்றால் உடம்பால் முடியாது. ஐ வில் நொட் என்றால் மாட்டேன். இரண்டையும் மாற்றிவிடாதே என்றார். இரண்டாவதைப் படையில் பெரியவர்களுக்கு முன்னால் சொன்னால் தண்டனை என்றும் சொன்னார். மூதூர் லோஞ்சில் கொட்டியாரக் குடாவைத் தாண்டி முடியும்வரை இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்த வியாபாரி தன் கோழிக் கூடையைத் தூக்கிக்கொண்டு தள்ளி இருந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி உள்ளே விடவில்லை. விடுவிக்கப்பட்டவன் என்று பட்டியலில் இருக்கிறதாம். சரியென்று வாசலுக்கு எதிரே, வாகை மர நிழலில் குந்தினேன். முதல் நாள் யாரும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் நரைத்தலை டாக்குத்தர் காரில் போகும்போது திரும்பிப் பார்த்தார். மூன்றாம் நாள் கார் நின்றது. அவர் இறங்கி வந்து என்னைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். என் குதிக்காலைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார். உள்ளே போய்க் கிளாக்கரை அனுப்பினார்.

கிளாக்கரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்குத்தர் அன்றைக்குக் கேட்டது இரண்டு கேள்வியாம். பழைய வேலையைச் செய்ய முடியுமா, இல்லாவிட்டால் வீட்டுக்கு அனுப்பட்டுமா என்று. கிளாக்கர் பின் பாதியை மட்டும் எனக்குச் சொல்லி, என் பதிலை முன் பாதிக்குக் கொடுத்துவிட்டார். "எங்க ஊர்ல ஏலாதுன்னா உடம்புக்கு முடியலைன்னு அர்த்தம்ங்க. நீங்க அவ்வளவு சத்தமா சொன்னதும் வலியிலதான் சொல்றீங்கன்னு நெனைச்சேன்" என்றார். அவர் விரும்பியிருந்தால் என்னை வாசலிலேயே விட்டுவிட்டு, பைத்தியக்காரன் என்று சொல்லியிருக்கலாம். அதைச் செய்யவில்லை. உள்ளே போய், பிழை தன்னுடையது என்று தன் வாயால் சொன்னார்.

திரும்பவும் அதே மேசை, அதே மூன்று பேர். அதிகாரிக்கு நேரம் வீணாகிறதென்ற கோபம். இளம் டாக்குத்தர் கால்விரலைத் தொடச் சொன்னார். "ஐ கனொட்" என்றேன். அது உண்மை, உண்மையை மறைக்க நான் வரவில்லை. அதிகாரி கையை விரித்து, பிறகென்ன என்பது போலப் பார்த்தார். நரைத்தலையர் மூலையில் கிடந்த ஒரு சாமானைக் காட்டினார். வலையை மாட்டுகிற இரும்புக் கொக்கி, முப்பது இறாத்தலுக்குக் குறையாது. முன்கூட்டியே கொண்டுவந்து வைத்திருக்கிறார். அதைத் தூக்கி மேசையில் வை என்றார்.

வெள்ளைக்காரன் நிலத்தில் கிடப்பதை எடுக்க இடுப்பில் முறிந்து குனிவான். நாங்கள் அப்படி எடுப்பதில்லை. நான் கொக்கிக்குப் பக்கத்தில் போய்க் குந்தினேன். அதை முழங்கால்களுக்கு நடுவே இழுத்து, நெஞ்சோடு அணைத்து, காலை ஊன்றி எழும்பினேன். நாரிக்குள் நெருப்புப் பிடித்தது. முகத்தை அசைக்கவில்லை. மேசையில் வைத்தேன். இளம் டாக்குத்தருக்கு நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது, தானும் ஒரு தரம் குந்திப் பார்த்தார். குதிக்கால் இரண்டும் மேலே கிளம்ப, பின்னுக்குச் சரிந்து மேசைக் காலைப் பிடித்துக்கொண்டார்.

அதிகாரி விடவில்லை. அவரை நான் பிழை சொல்ல மாட்டேன், கதவில் ஒரு ஆள் விழுந்தால் கப்பலுக்கு ஆபத்து. அவர் ஒரு இடைவழி கண்டார். கரையில் இருக்கும் களஞ்சியத்தில் ஒரு கதிரை இருக்கிறது, நாளை காலை அங்கே போய்க் கயிறுகளைப் பார்த்துக்கொள், இது உத்தரவு என்றார். கிளாக்கர் இந்த முறை ஒரு சொல்லும் விடாமல் தமிழில் சொன்னார். சொல்லும்போது அவருக்கு வியர்த்தது.

நான் மேசையைப் பார்த்து, "ஐ வில் நொட்" என்றேன்.

அதிகாரியின் கழுத்து சிவந்து, அந்தச் சிவப்பு காதுக்கு ஏறியது. இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். உத்தரவை மறுக்கிறானா என்று கேள் என்றார். கிளாக்கர் என்னிடம் திரும்பி, தயவுசெய்து யோசித்துச் சொல்லுங்கள் என்று கெஞ்சினார். நான் மூன்று நாள் வாகை மரத்தடியில் யோசித்து முடித்துத்தான் வந்திருந்தேன்.

"என்னை விலத்திக் கடதாசி தந்திருக்கு. படைக்கு வெளிய நிக்கிறவனுக்கு ஐயா உத்தரவு போடக் கூடாது. உத்தரவு போட்டது சரியெண்டா நான் இன்னும் படைக்குள்ளதான் நிக்கிறன், அந்தக் கடதாசிதான் பிழை. அப்ப மறுத்ததுக்குத் தண்டனையைத் தாங்கோ. நான் வாங்கிறன்."

கிளாக்கர் அதை முழுதாகச் சொன்னார். முதலில் இருமினது நரைத்தலையர். இருமல் இல்லை அது, சிரிப்பு. யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு திரும்பி வந்து, என் கடதாசியை எடுத்து, அந்த இரண்டாவது வரியைப் பேனையால் நீளமாக ஒரு கோடு இழுத்து வெட்டினார். பக்கத்தில் ஏதோ எழுதி இளம் டாக்குத்தரிடம் தள்ளினார். குனிய முடியாது, வின்ச் வேலைக்கு ஆகும் என்று எழுதியிருக்கிறதென்று கிளாக்கர் எனக்குச் சொன்னார்.

கடைசியில் கடதாசி அதிகாரியிடம் போனது. அவரும் கையெழுத்து வைத்தார். உத்தரவை மறுத்ததற்குப் பதினாலு நாள் தண்டனை, லீவு கிடையாது, தினமும் மேலதிக வேலை என்று சொன்னார். எங்கே என்று கிளாக்கர் கேட்டார். வலைப் படகில், வேறெங்கே என்றார் அதிகாரி. நான் சலூட் அடித்தேன். அதைவிட நேராக நின்று அடிக்க அந்த அறையில் யாராலும் முடிந்திருக்காது.

அடுத்த நாள் படகுத்துறையில் தண்டனைப் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். அதில் என் எண் இருந்தது. குடித்துவிட்டுச் சண்டை பிடித்தவர்கள் இரண்டு பேர், காவலில் நித்திரை கொண்டவன் ஒருவன், நான். அந்த எண்ணை மீண்டும் ஒரு படைக் கடதாசியில் பார்த்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன். பார்த்தவர்கள் தண்டனைக்கு அழுகிறான் என்று நினைத்து, பதினாலு நாள்தானே என்று முதுகில் தட்டினார்கள். தட்டினது வெட்டின இடத்தில்.

வேலை லேசாக இருக்கவில்லை. துருப்பிடித்த தளத்தைச் சுரண்டச் சொன்னார்கள். குந்தியிருந்து சுரண்டினேன். பின்னால் யாராவது கூப்பிட்டால் இடுப்பைத் திருப்ப முடியாது, முழு ஆளும் திரும்ப வேண்டும். மத்தியானத்தில் பலகையில் நீட்டி நிமிர்ந்து படுத்தால், எழும்ப இன்னொருவன் கை தர வேண்டும். நோவு எனக்குச் சொல்லாமல் போன நாள் ஒன்றும் இல்லை. நான்காம் நாள் ஒரு பெரிய கப்பல் வருகிறதென்று கொடி ஏறியது. பிடியில் நின்றவன் என்னைப் பார்த்தான், அதிகாரியின் படகு தூரத்தில் நிற்பதையும் பார்த்தான், விலகினான். நான் போய்ப் பிடித்தேன். கம்பி இறுகியது. கிரீஸ் போதாது என்று சத்தத்திலேயே தெரிந்தது. கதவு திறந்தது, கப்பல் உள்ளே போனது, மூடினேன். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அன்று பின்னேரம் வரைக்கும் எனக்குச் சாப்பாடு தேவைப்படவில்லை.

மூதூர் லோஞ்சில் வேலை செய்கிற ஒருவரிடம் என் மனைவிக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். திரும்பச் சேர்த்துவிட்டார்கள், பழைய இடம்தான், பதினாலு நாள் தண்டனை இருக்கிறது, அது முடியும்வரை வர முடியாது என்று. பெருமையாகத்தான் சொல்லி அனுப்பினேன். அவளும் பெருமைப்படுவாள் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து அவர் ஒரு சட்டி எருமைத் தயிரோடு படகுத்துறைக்கு வந்தார். வாழையிலையால் மூடி, நாரால் இறுக்கிக் கட்டியிருந்தது. அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். அவர் சொல்லத் தயங்கினார். தான் சொன்னபடியே சொல்ல வேண்டுமென்று அவள் சத்தியம் வாங்கியிருக்கிறாளாம்.

"பதினாலு நாள் காணாதாம். இன்னும் கூட்டித் தரச் சொல்லி ஐயாமாரிட்டக் கேக்கட்டாம்."

தயிர்ச் சட்டியை வாங்கிக்கொண்டேன். மறுமொழி என்ன என்று அவர் கேட்டபோது, வெருகலுக்கு வைத்த நேர்த்தி என்ன என்று அவளிடம் கேட்டு வரச் சொன்னேன்.